நான் தயிர்சாதம் சாப்பிட்டபோது வந்த ஏழு வரிகள்

எங்கள் வீட்டில் யார் தலையிலாவது பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தை எடுப்பார்கள். நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அது எங்கிருந்து விழுந்தது என்று உத்தரத்தைப் பார்ப்பேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் பிறந்து வளர்ந்தும் அப்படி. ராகுகாலத்தில் பரீட்சை எழுதப் போனவள், ஜாதகம் கேட்டு வந்தவர்களிடம் மார்க் ஷீட்டை நீட்டியவள். அதனால் இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள், பத்மாவுக்கும் வயதாகிவிட்டது என்கிறார்கள். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி கிடையாது, கொலுசுச் சத்தம் கிடையாது, மல்லிகைப்பூ வாசனை கிடையாது. மத்தியானம் மூன்றரை மணி, தலைக்கு மேல் ட்யூப் லைட், கீழ்த்தளத்தில் ஒரு ஹோட்டல், அங்கே வடை போடுகிற வாசனை. அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது.

1999 நவம்பர். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, மாடியில் மூன்று அறை, மொத்தம் பதினான்கு பேர். எனக்கு அப்போது முப்பத்தொன்று. இரண்டாயிரம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப் போகும் என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. பழைய ப்ரோக்ராம்களில் வருஷத்துக்கு இரண்டே இலக்கம்தான் இருக்கும், 99 முடிந்ததும் 00 வரும், மெஷின் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்கிற வேலை மெட்ராஸில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது. எங்களுக்கு வந்தது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி ப்ரோக்ராம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரத்தப் பை ஒன்று முப்பத்தைந்து நாள்தான் நிற்கும். ஊரெல்லாம் ஜனவரி ஒன்றைப் பார்த்து பயந்துகொண்டிருந்தது, எங்களுக்கோ நவம்பர் இருபத்தேழுதான் கண்டம். அன்று வந்து சேருகிற பையின் கடைசி நாள் 00 என்ற வருஷத்தில் விழும். பழைய ப்ரோக்ராம் அதைப் பார்த்து, இது தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு முன்னால் கெட்டுப்போன ரத்தம், தூக்கிப் போடு என்று சொல்லும். சனிக்கிழமை ராத்திரி விபத்தில் அடிபட்டு வருகிறவனுக்கு ஏற்ற ஒரு பையும் இருக்காது. நாங்கள் எழுதிக்கொண்டிருந்த புது ப்ரோக்ராம் பைகளின் மேல் ஒட்டுகிற சீட்டையும் தானே அச்சடித்துக் கொடுக்கும், கையால் எழுதுகிற வேலை இனி இல்லை. அதனால் நாங்கள் தப்புப் பண்ணினால் அந்தத் தப்பு நேராகப் பையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

வேலையை நானும் செல்வமும் செய்தோம். செல்வம் ராயப்பேட்டைக்காரன், என்னைவிட நாலு வயது சின்னவன், அந்த வருஷம் ஜூலையிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அங்கே வாடிக்கையாளரின் ஆபீஸில், நான் இங்கே ஆழ்வார்பேட்டையில். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே திரை. ஒரே ப்ரோக்ராமை இரண்டு பேரும் திறந்து வைத்திருப்போம், அவன் ஓர் எழுத்தை அடித்தால் அரை விநாடி கழித்து என் திரையில் தெரியும், நான் அழித்தால் அவன் திரையில் மறையும். ஒருவர் அடிக்க வேண்டும், மற்றவர் பார்த்துக்கொண்டே இருந்து தப்பைப் பிடிக்க வேண்டும். இப்போது இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்து வகுப்பு எடுக்கிறார்கள். அந்த நாளில் நானாக யோசித்து ஆரம்பித்தது அது.

எங்கள் மேனேஜர் சாரங்கன் சாருக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல மனிதர், ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்வதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

"ஏம்மா பத்மா, மாவாட்டறதுக்கு ஒருத்தர், தள்ளிவிடறதுக்கு ஒருத்தரா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அப்படி ஆட்டினாத்தான் மாவு நைசா வரும்" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. இந்த ப்ரோக்ராம் அங்கே போய் ஓடி, அதில் ஒரே ஒரு தப்பு வந்தாலும் இந்த இரட்டை வேலையை மூடிவிட்டு ஆளுக்கு ஒரு ப்ரோக்ராம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். வாய் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பிறகு அந்த ரத்த வங்கி என் மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஒரே திரையில் இரண்டு பேர் இருந்தால் ஒரு தொல்லை உண்டு. யார் அடிக்கிறார்கள் என்று திரை காட்டாது. எழுத்து வரும், அவ்வளவுதான், எவன் கை என்று அதில் எழுதியிருக்காது. முதல் வாரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்து ப்ரோக்ராமே கொத்து பரோட்டா ஆகிவிட்டது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். அடித்து முடித்தவர் கடைசி வரிக்குக் கீழே 'உன் கை' என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அது வந்த பிறகுதான் அடுத்தவர் விசைப்பலகையைத் தொட வேண்டும். கை யாரிடம் இருக்கிறதோ அவர் திருப்பிக் கொடுக்கும்வரை அது அவருடையதுதான். ஐந்து மாதத்தில் இந்தச் சட்டத்தை நாங்கள் ஒரு தடவை கூட மீறியதில்லை, கோயில் பிரசாதம் வாங்குகிற பயபக்தியோடு கையை வாங்குவோம், கொடுப்போம். செல்வம் மட்டும் 'உங்க கை' என்றுதான் அடிப்பான். "மேடத்தைப் போயி உன்னுன்னு எப்டி அடிக்கிறது, எங்கம்மா கேட்டா செருப்பால அடிக்கும்" என்று ஒருமுறை போனில் சொன்னான்.

அந்த வியாழக்கிழமை, நவம்பர் பதினெட்டு. முதல் நாள் ராத்திரியிலிருந்து மழை. லஸ்ஸிலிருந்து ஆழ்வார்பேட்டைக்கு பஸ் ஓடவில்லை, முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். ஆபீஸுக்கு வந்தவர்கள் நானும் சாரங்கன் சாரும் மட்டும்தான். அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவில் மழைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். என் மேஜைக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. தி.நகரில் தீபாவளிப் புடவை வாங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று டிராயரில் இருந்தது. நான் அடிக்காத நேரத்தில் விசைப்பலகையை அந்தப் பைக்குள் சொருகி, வாயை முறுக்கிக் கட்டிவைப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மணிக்குச் செல்வம் வந்தான், அங்கே காலை ஒன்பது. பையின் கடைசி நாளைக் கணக்குப் போடுகிற பகுதியை எழுதிக்கொண்டிருந்தோம். உயிர்நாடி அதுதான். மாறி மாறி அடித்தோம். மூன்று மணி, மூன்றே கால் ஆயிற்று, எனக்குப் பசி கண்ணைக் கட்டியது. காலையில் தண்ணீரில் நடந்து வந்ததில் டிபன் சாப்பிடவில்லை. 'சாப்பிட்டு வருகிறேன், உன் கை' என்று அடித்தேன். 'சரி மேடம்' என்று வந்தது. விசைப்பலகையைப் பைக்குள் போட்டுக் கட்டினேன். மானிட்டரைப் பார்த்தபடியே நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம், ஒரு ஓரத்தில் மாவடு.

ஆபீஸில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுகிறவள் இல்லை நான். வலது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இடது கையில் டப்பா. எச்சில் கையால் விசைப்பலகையைத் தொடுவது என்கிற பேச்சே கிடையாது, அது ஆசாரம் இல்லை, சுத்தம். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நாலாவது கவளம் சாப்பிடும்போது திரையில் எழுத்து வர ஆரம்பித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகு. செல்வம் சுறுசுறுப்பானவன், ஆனால் ப்ரோக்ராம் எழுதினால் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும், பின்னால் நான்தான் துடைத்துக்கொண்டு போவேன். இது அப்படி இல்லை. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு வருகிற எழுத்து. ஓர் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தையைத் தப்பாக அடித்தது, நின்றது, இரண்டு எழுத்தை அழித்தது, சரியாக அடித்தது, மேலே போனது. பையின் நம்பருக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட எழுத்து இருந்தால் முப்பத்தைந்து நாள் கிடையாது, ஐந்தே நாள் என்று அந்த வரிகள் சொல்லின. எனக்கு அந்த எழுத்தைப் பற்றித் தெரியாது. எங்களுக்குக் கொடுத்த எழுபது பக்கக் குறிப்பில் அது இல்லை. செல்வம்தான் நேரில் மருத்துவமனைக்குப் போய்வருகிறவன், அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு வரி. எட்டாவது வரியில் 'உன் கை' என்று வந்து நின்றது.

பரவாயில்லையே, பையன் கடைசியில் மேடத்தை 'உன்' என்று சொல்லத் துணிந்துவிட்டான் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். உள்ளே தள்ளி எழுதுகிற வரிகளுக்கு நான் எப்போதும் இரண்டு இடம் விடுவேன், செல்வம் நாலு விடுவான். அதற்காக எங்களுக்குள் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. இந்த ஏழு வரியில் மூன்று இடம் விட்டிருந்தது. சமாதானத்துக்கு வந்துவிட்டான் போல, பாதி வழி அவன் வந்தால் பாதி வழி நானும் போகலாம் என்று நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, துடைத்து, முடிச்சை அவிழ்த்து விசைப்பலகையை எடுத்தேன். அந்த ஏழு வரியையும் மறுபடி படித்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. எனக்குப் பாராட்டு லேசில் வராது, கூட வேலை செய்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு வந்தது. 'ரொம்ப நல்லா இருக்கு, உன் கை' என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு செல்வம் வந்தான், 'தேங்க்ஸ் மேடம்' என்று அடித்தான், அடுத்த பகுதிக்குப் போனோம். எல்லாம் அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு ஒரு பயமும் இல்லை, ஒரு சிலிர்ப்பும் இல்லை. சாயங்காலம் மறுபடி தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போய் சூடாக ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இருபத்துநாலாம் தேதி ப்ரோக்ராம் அங்கே போய்விட்டது. இருபத்தேழு வந்தது, போனது. ஒரு பை கூட வீணாகவில்லை. சாரங்கன் சார் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார், அவர் மொழியில் அது பொன்னாடை.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஜூடித் என்று ஓர் அம்மாள், அந்த ரத்த வங்கியின் லேப் பொறுப்பாளர், தன் கையாலேயே எழுதியிருந்தார். விஷயம் இதுதான். குறைப்பிரசவத்தில் பிறக்கிற குழந்தைகளுக்கு அரை உள்ளங்கை அளவு ரத்தம் போதும். அதற்காக ஒரு பெரிய பையைச் சின்னச் சின்னப் பையாகப் பிரித்து, நம்பருக்குப் பின்னால் அந்த எழுத்தைச் சேர்ப்பார்கள், அந்தச் சின்னப் பைகளை ஐந்து நாளுக்கு மேல் தொடக்கூடாது என்பது அவர்கள் மருத்துவமனையின் வழக்கம். பழைய ப்ரோக்ராமுக்கு அது தெரியாது, லேபில் இருப்பவர்கள் சீட்டில் கையால் எழுதிவிடுவார்கள். பழக்கத்தில் அப்படியே ஓடிவிட்டதால் எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். புது ப்ரோக்ராம் ஓடி இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் அந்த அம்மாளுக்கு அது திடீரென்று உறைத்திருக்கிறது. பதறிக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு ஓடிப்போய் குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சின்னப் பையாக எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாச் சீட்டிலும் ஐந்து நாள் என்று சரியாக அச்சாகியிருந்தது. நாங்கள் சொல்லாததை நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள், அந்தப் பகுதியை எழுதியவர் யார், அவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார்.

சாரங்கன் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே செல்வத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னையும் தன் அறைக்குள் கூப்பிட்டார். கதவைத் திறந்து வைத்தார், வெளியே எல்லோரும் கேட்கட்டும் என்று.

"சொல்லும்மா, யார் எழுதினது? பேர் போட்டு அனுப்பணும்."

"செல்வம் சார்" என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். நான் வளர்த்த ஜோடி வேலை, நான் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்த பையன்.

போனில் செல்வம், "அட இன்னா மேடம், நீங்க எழுதினதுக்கு என் பேரச் சொல்றீங்கோ" என்றான்.

"நான் எங்கடா எழுதினேன். நீ அடிச்சதைப் பாத்துண்டுதானே இருந்தேன், தயிர்சாதம் சாப்டுண்டு."

"மேடம், வெளாடாதீங்க. அந்த வியாழக்கெழமதானே? நீங்க சாப்புடப் போறேன்னு சொன்னீங்கோ, நான் சரின்னேன், உடனே பெல்லு அடிச்சிட்டான். நெருப்பு புடிச்சா எப்டி வெளிய ஓடறதுன்னு ஒத்திகை. ஒரு வரி அடிக்கல, அப்டியே எந்திரிச்சு வந்துட்டேன். கார் நிறுத்தற எடத்துல அர மணி நேரம் குளிர்ல நின்னுக்கினு கீறேன், ஸ்வெட்டர் கூட எடுக்கல. திரும்பி வந்தா ஏழு வரி கீது. நான் பதில் குடுக்கலன்னு நீங்களே கைய எடுத்துக்கினீங்கோன்னு நெனச்சேன்."

"அப்போ நான் ரொம்ப நல்லா இருக்குன்னு அடிச்சது?"

"அதுக்கு முந்தி நான் எழுதினத சொல்றீங்கோன்னு நெனச்சேன். அஞ்சு மாசத்துல மொத தடவ பாராட்டிக்கிறீங்கோ, அன்னிக்கி எங்கம்மாவுக்கு லெட்டர்லயே எழுதினேன்."

சாரங்கன் சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், அதாவது என்னையும் போனையும். "யாராவது ஒருத்தர் ஒத்துக்குங்களேன்பா, நல்ல காரியம்தானே பண்ணியிருக்கீங்க" என்றார்.

ஒத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பாராட்டு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். இங்கிலாந்துக்கு அடுத்து யாரை அனுப்புவது என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆனால் நான் எழுதாத வரிக்குக் கீழே என் பெயரைப் போட எனக்கு மனசு வரவில்லை, என் வரியை அடுத்தவர் எடுத்துக்கொண்டால் நான் சும்மா விடுவேனா. செல்வமும் அதே ரகம். "நான் அடிக்கல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். போனில் கடல் இரைச்சல் போல ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது, தூரத்து லைனில் எப்போதும் கேட்பதுதான்.

நான் பல்லி எங்கிருந்து விழுந்தது என்று பார்க்கிறவள், சொன்னேன் இல்லையா. பார்த்தேன். அன்று அந்த நேரத்தில் அந்த மெஷினுக்குள் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை அங்கிருந்து எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டே பெயர், என்னுடையது, செல்வத்தினுடையது. செல்வத்தின் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தார்களா என்றால், ஒத்திகை அன்று பட்டியல் வைத்துத் தலையை எண்ணியிருக்கிறார்கள், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வெளியே நின்றிருக்கிறார்கள். அவன் முன்னாலேயே அடித்தது லைனில் தங்கி மெதுவாக வந்ததோ என்றால், அவனுக்கும் அந்தச் சின்னப் பைகளைப் பற்றித் தெரியாது, அந்த எழுத்தையே அவன் திரும்பி வந்து அந்த ஏழு வரியில்தான் முதலில் பார்த்தான். என் பக்கம் விசைப்பலகை புடவைப் பைக்குள் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. கூரைச் சொட்டு விழுந்து அடித்திருக்கும் என்று ஆபீஸில் ஒருவர் தமாஷ் பண்ணினார். ஐந்து நாள் கணக்கு தெரிந்த சொட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

ஜூடித் அம்மாளுக்கு, இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது என்று பதில் போனது. சாரங்கன் சார் என்னை அனுப்பி வைத்தார், மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தேன். அந்த லேபையும் பார்த்தேன், குளிர்பெட்டியில் வரிசையாக அடுக்கிய சின்னப் பைகளையும் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் எங்கள் சீட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் அந்த ஏழு வரி யாருடையது என்கிற கேள்வியே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆபீஸில் அதற்குப் பிறகு ஜோடி வேலையை யாரும் கேலி செய்யவில்லை. அடுத்த வருஷம் சாரங்கன் சாரே புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மாவாட்டுகிற கதையைத் தன் கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்வத்துக்கு வடபழனி கோயிலில் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து கும்பலில் நெருக்கியடித்துக்கொண்டு போய் நின்றேன். மாலையும் கழுத்துமாக இருந்தவன், பெண்ணை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு கீறேன். நீங்கதானே அது அடிக்கசொல்லோ பாத்துக்கினு இருந்தீங்கோ. அது எதனா தப்பு பண்ணுச்சா?"

"ஒரே ஒரு இடத்துல. ரெண்டு எழுத்தை அழிச்சுட்டுத் திருப்பி அடிச்சது."

அவன் பெரிதாக மூச்சு விட்டான். "அப்பாடா. அப்போ நம்ம ஆளுதான் மேடம்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்ன பேசுகிறோம் என்றே புரியவில்லை.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. பயமும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் பெருமைதான். யாரோ எங்கிருந்தோ வந்து உட்கார்ந்து அடிக்கிற அளவுக்கு எங்கள் ப்ரோக்ராம் சுத்தமாக இருந்தது. குழப்பிப் போட்டிருந்தால் அந்த ஏழு வரியை எந்த இடத்தில் போடுவது என்று யாருக்குத் தெரியும். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் நான் முதலில் வைக்கிறேன், யாரிடமும் காட்ட முடியாது என்றாலும்.

அந்த ப்ரோக்ராமின் தலைப்பில் 'எழுதியவர்கள்' என்ற இடத்தில் எங்கள் இரண்டு பெயருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டேன். செல்வம் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு வந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த ப்ரோக்ராமைத் திறந்து திருத்தியிருப்பார்கள், ஒருவரும் அந்தக் காலி வரியை எடுக்கவில்லை, நான் அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும் அப்படியே இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். எங்கள் சட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கை யாரிடம் இருக்கிறதோ அவர் திருப்பிக் கொடுக்கும்வரை அது அவருடையது. அன்று ஏழு வரி எழுதியவர் முறையாக 'உன் கை' என்று எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார். நான் பாராட்டிவிட்டு, முறையாக, 'உன் கை' என்று அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். செல்வம் அப்போது கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்தவன் அது தனக்கு வந்தது என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டான். அந்த ஐந்து மாதத்தில் நடந்த ஒரே சட்டமீறல் அதுதான், அது எங்கள் பக்கம்தான் நடந்தது. சரியாகப் பார்த்தால் அந்தக் கை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், அடையாறில் இரண்டாவது மாடி, கூரை ஒழுகுவதில்லை. மத்தியானம் சாப்பிடும்போது மட்டும் கம்ப்யூட்டரை மூடுவதில்லை. எழுதிக்கொண்டிருக்கிற பக்கத்தை ஒருமுறை நன்றாகத் துடைத்து வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, தயிர்சாதத்தைப் பிசைந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. மூன்று இடம் விட்டு எழுதத்தான் நானும் பழகிவிட்டேன்.